மீன்தூளைக் குறைத்து மீன் வளர்ப்பது எப்படி? இயற்கைக் குளத்துக்கான புரதத் தீவன வழிகாட்டி

விசைப்படகு கரைக்கு வந்ததும் விலைபோகும் மீனெல்லாம் ஒரு பக்கம் போகும். நசுங்கிய மீனும் நண்டுக்குஞ்சும் பெயர் தெரியாத பொடிமீனுமாக மிஞ்சிக் கிடப்பதைச் சங்காயம் என்பார்கள். அது மணலில் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. நாலைந்து கிலோ பச்சை மீனைக் காயவைத்து அரைத்தால்தான் ஒரு கிலோ மீன்தூள் கிடைக்கும். "இயற்கை மீன்" என்று பலகை வைத்த குளத்தில் அந்தத் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டினால், வாங்க வருகிறவர் ஒருநாள் கேள்வி கேட்பார். கேட்கவும் வேண்டும்.

மீன்தூள் ஒரேயடியாக ஆகாது என்று அங்ககத் (ஆர்கானிக்) தரங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதியில் பங்காசியஸ் கெளுத்திக்குத் தீவனத்தில் 10 சதவீதம் வரையும், இறாலுக்கு 25 சதவீதம் வரையும் மீன்தூளுக்கு இடமுண்டு. அதுவும் கடல்வளத்தை அழிக்காத மீன்பிடியிலிருந்து வந்திருக்க வேண்டும். மிச்சத்துக்கு என்ன வழி என்பதைத்தான் நம் ஊர் நன்னீர்க் குளத்தை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் மீனைத் தேர்ந்தெடுங்கள், தீவனத்தை அப்புறம் பார்க்கலாம்

கொடுவாவையும் விராலையும் வைத்துக்கொண்டு மாற்றுப் புரதம் தேடுவது மேட்டில் ஏரி வெட்டுகிற வேலை. இரண்டும் பிற மீனைத் தின்று வளர்பவை. தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும், அதிலும் மீன் வாசனை இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை, புல்கெண்டை ஆகியவை அப்படியல்ல. வளர்ந்த கெண்டைக்கு 25 முதல் 30 சதவீதப் புரதம் போதும். அதையும் பெரும்பாலும் செடியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

திலேப்பியாவும் சைவத் தீவனத்தில் நன்றாக வளரும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சந்தையில் "எல்லாம் ஆண்" என்று விற்கும் திலேப்பியா குஞ்சுகளில் பெரும்பகுதி, பொரித்த சில நாட்களிலேயே தீவனத்தில் ஹார்மோன் கலந்து ஆணாக மாற்றப்பட்டவை. அங்கக முறையில் இதற்கு இடமில்லை. குஞ்சு வாங்கும் இடத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தீவனத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த இடத்தில் சறுக்கினால் எல்லாம் வீண். ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன்.

இந்தக் கட்டுரை முழுக்கக் கெண்டைக் கூட்டு வளர்ப்பையே கணக்கில் வைத்துப் பேசுகிறது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். வழக்கமாக 4:3:3 என்ற விகிதத்தில் விடுவார்கள். ஏக்கருக்கு 2,000 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) என்பது பொதுவான பரிந்துரை. இயற்கை முறையில் 1,200 முதல் 1,500 வரை நிறுத்திக்கொள்வது என் வழக்கம். எண்ணிக்கை குறைந்தால் வெளியிலிருந்து வாங்க வேண்டிய புரதமும் குறையும்.

படி 2: பச்சைத் தண்ணீர்

கடையில் கிடைக்காத, காசு கேட்காத புரதம் குளத்துக்குள்ளேயே இருக்கிறது. நுண்பாசியும் அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்ப் பூச்சிகளும்தான் அது. கட்லாவின் வாயும் செவுளும் இதை வடிகட்டித் தின்னவே அமைந்தவை. "தீவனம் போட்டும் கட்லா எழும்பவில்லை" என்று புலம்புகிறவர்களின் குளத்தைப் போய்ப் பார்த்தால், பாதி நேரம் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

சாணம்தான் இதற்கு அடிப்படை. கெண்டைக் குளத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 10 முதல் 15 டன் சாணம் என்பது பழைய பரிந்துரை. ஏக்கர் கணக்கில் 4 முதல் 6 டன். இதில் ஐந்தில் ஒரு பங்கைக் குஞ்சு விடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு போட்டுவிட்டு, மீதியைத் தவணை தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். அங்ககச் சான்று வாங்கப் போகிறீர்கள் என்றால் சாணத்தின் அளவுக்குச் சான்று தருபவர்கள் வைத்திருக்கும் வரம்பைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அளந்து பார்க்கக் கருவி வேண்டாம். காலை பத்து மணி வெயிலில் கையை நேராக நீட்டித் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனைகிற நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் பாசி அதிகம். அன்று சாணமும் வேண்டாம், தீவனத்தையும் பாதியாகக் குறையுங்கள். இல்லையென்றால் விடியற்காலையில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். முழங்கை தாண்டியும் விரல் தெரிந்தால் குளம் பசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: புண்ணாக்கு எங்கிருந்து வந்தது?

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. தீவனம் என்றதும் எல்லோரும் புரதச் சதவீதத்தைக் கேட்கிறார்கள். அங்கக மீனுக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் புண்ணாக்கு எந்த ஆலையில், எப்படிப் பிழியப்பட்டது என்பது.

பெரிய ஆலைகளில் எண்ணெயை ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்து எடுக்கிறார்கள். அப்படி வரும் புண்ணாக்கு அங்ககத் தீவனத்தில் சேராது. இந்த ஒரு விதியே கடைத்தெருவில் கிடைக்கும் பாதிச் சரக்கை ஒதுக்கிவிடும். சோயாப் புண்ணாக்கு 45 சதவீதப் புரதத்தோடு கவர்ச்சியாக இருக்கும், ஆனால் மூட்டையில் வருவது அநேகமாகக் கரைப்பான் சரக்கு. அதோடு 2021-இல் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. அதனால் "இந்தியச் சோயா என்றால் மரபணு மாற்றமில்லாதது" என்ற பழைய நம்பிக்கையை மட்டும் வைத்து மூட்டை வாங்க முடியாது. கெண்டை வளர்ப்பில் புழங்கும் எண்ணெய் நீக்கிய தவிடும் இதே கரைப்பான் வழியில் வருவதுதான். பலர் இதை யோசிப்பதே இல்லை.

பருத்திப் புண்ணாக்கின் கதை இன்னும் எளிது. 2002-இல் பி.டி. பருத்தி வந்தபிறகு இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி அதுதான். மரபணு மாற்றப் பொருள் அங்ககத்தில் கூடாது. போதாக்குறைக்குக் காசிப்பால் என்ற நச்சும் அதில் உண்டு. விட்டுவிடுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு விஷம், அது வயலுக்கு உரம் மட்டுமே.

மிஞ்சுவது நம்முடைய செக்கு. மரச்செக்கோ இரும்புச் செக்கோ, அழுத்திப் பிழிந்ததாக இருந்தால் போதும்.

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 முதல் 45 சதவீதம். மீனுக்கு ருசியும் பிடிக்கும். இரண்டு குறைகள் இருக்கின்றன. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டும் குறைவு. இன்னொன்று பூஞ்சை. ஈரம் பட்ட கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நச்சை விட்டுச் செல்கிறது. மீனின் ஈரலைத்தான் அது முதலில் தாக்கும். ஒரு மழைக்காலத்தில் ஓரம் பச்சை படிந்த இரண்டு மூட்டையை "வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்று காயவைத்துப் பயன்படுத்தினேன். மீன் செத்துவிடவில்லை. ஆனால் இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றது, சாகாத நஷ்டம். பூஞ்சை காய்ந்து உதிர்ந்தாலும் நச்சு அப்படியே இருக்கும், வேகவைத்தாலும் போகாது. கட்டியை உடைத்து உள்ளே பாருங்கள், மோந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் எருக்குழிக்கு.

எள்ளுப் புண்ணாக்கில் புரதம் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கடலையில் குறையும் மெத்தியோனின் இதில் தாராளம். லைசின் மட்டும் இதிலும் குறைவு. அதைக் கொள்ளு, தட்டைப்பயறு, உளுந்துக் குருணை போன்ற பருப்பு வகைகள் ஈடுகட்டும். பருப்பில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. எள்ளில் நேர் எதிர். இட்லிக்கு எள்ளுப்பொடி தொட்டுச் சாப்பிடும் நமக்கு இந்தக் கணக்கு நாக்கிலேயே இருக்கிறது. செயற்கை அமினோ அமிலத்தைப் பொட்டலத்தில் வாங்கிச் சேர்ப்பது அங்கக முறையில் கூடாது என்பதால் இப்படி ஒன்றின் குறையை இன்னொன்றால் அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொள்ளை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். அதில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும்.

தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் தவிட்டுக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம், கடலைக்குப் பதிலாக அல்ல.

படி 4: படைவீரன் ஈயின் புழு

கருப்புப் படைவீரன் ஈ என்று தமிழில் எழுதுகிறார்கள், பண்ணைகளில் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி "பி.எஸ்.எஃப் புழு" என்றுதான் பேச்சு. குளவி மாதிரி மெலிந்த கருப்பு ஈ. நம் ஊர் எருக்குழிகளில் தானாகவே திரிகிறது. வீட்டு ஈயைப் போலச் சோற்றில் உட்காராது. வளர்ந்த ஈக்குத் தீனியே தேவைப்படாது, சில நாள் பறந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். தின்கிற வேலையெல்லாம் புழுப் பருவத்தில்தான்.

உலர்ந்த புழுவில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 30 சதவீதத்தை ஒட்டி. அமினோ அமிலக் கூறில் மீன்தூளுக்குப் பக்கத்தில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 சூலை முதல் மீன் தீவனத்தில் இதை அனுமதித்திருக்கிறது.

தொடங்குவது எளிது. வாழைப்பழம், பூசணி போன்றவை அழுகும் தொட்டிக்கு மேலே, நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டுகளை ஈரம் படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். தாய் ஈ அந்த இடுக்குகளில் முட்டையிடும். நாலு நாளில் பொரிக்கும். ஐந்து நாள் வயதுப் புழு சுமார் 10,000 இருந்தால், 40க்கு 60 சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் 15 கிலோ ஈரக்கழிவை 12 நாளில் தின்று தீர்க்கும். அதை மூன்று தவணையாகப் போடுங்கள். கழிவின் ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, வழிந்தால் தவிடு சேர்த்துக் கெட்டியாக்குங்கள்.

புழு வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கருத்துவிட்டால் தோல் தடித்துச் செரிக்காது. கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் காயவையுங்கள். செக்கில் கொடுத்துக் கொஞ்சம் எண்ணெய் பிழிந்துவிட்டால் இன்னும் நல்லது, தீவனம் சிக்கு வாடை எடுக்காது.

என்ன கழிவில் வளர்க்கிறீர்கள் என்பதில்தான் அங்ககமும் அல்லாததும் பிரிகிறது. சாக்கடை ஓரக் குப்பை, கோழிக்கடைக் கழிவு, மண்டபத்து எச்சில் சோறு எல்லாவற்றையும் புழு தின்னும், அதனால் அவற்றைக் கொடுத்துவிடலாம் என்று ஆகாது. காட்மியம் போன்ற கன உலோகம் கழிவில் இருந்தால் புழு உடம்பில் சேரும், அங்கிருந்து மீனுக்கு, அங்கிருந்து தட்டுக்கு. உங்கள் தோட்டத்துக் காய்கறிக் கழிவு, செக்கடிக் கசடு, மருந்தடிக்காத சந்தைக் கழிவு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசோலா பற்றி ஒரு கசப்பான கணக்கு

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவை விட்டுவிட்டு மாற்றுத் தீவனம் எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் அதை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் எளிய முறையைப் பரப்பியது. இரண்டு மீட்டர் சதுரத் தொட்டியில் தார்ப்பாய் விரித்து, சலித்த மண், கரைத்த சாணம், பத்து சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு கிலோ விதை அசோலா. இரண்டு வாரத்தில் தினம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் எடுக்கலாம். எல்லாம் உண்மைதான்.

ஆனால் அசோலாவில் 100க்கு 94 பங்கு தண்ணீர். அரைக் கிலோவைக் காயவைத்தால் 30 கிராம் மிஞ்சும். அதில் புரதம் 22 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏழு கிராம் கூட முழுசாக வராது. ஒரு கோழிமுட்டைப் புரதம். இதை உலர்த்தி, அரைத்து, தீவனத்தில் கலப்பது வேலைக்கு ஆகாத வேலை. பச்சையாகவே புல்கெண்டைக்குப் போடுங்கள், ஆவலாகத் தின்னும். அங்கக முறையென்றால் அசோலாத் தொட்டியில் வழக்கமாகப் போடும் சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதில் பாறைப் பாஸ்பேட் போட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மீன் தின்று தீராத அளவுக்கு அசோலாவைக் குளத்தில் கொட்டினால் மேற்பரப்பை மூடி வெளிச்சத்தைத் தடுத்துவிடும்.

முருங்கையிலை உலர்ந்த நிலையில் 25 சதவீதத்துக்கு மேல் புரதம் தரும். தீவனத்தில் 5 சதவீதம் அளவு சேர்க்கலாம், பத்தைத் தாண்டினால் கசப்பும் அதிலுள்ள சாப்போனின் என்ற பொருளும் வளர்ச்சியைத் தடுக்கும். சூபாபுல் இலையில் மிமோசின் நச்சு இருப்பதால் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நான் சேர்ப்பதில்லை. தருமபுரி, ஓசூர், கோபி பக்கம் பட்டுநூல் ஆலைகளில் கிடைக்கும் கூட்டுப்புழு புரதத்தில் மீன்தூளுக்கு நிகரானது, ஆனால் கொழுப்பு மிகுதி. இரண்டு நாள் கிடந்தால் நாறும், நாற்றம் மீன் கறியிலும் ஏறும். மல்பெரித் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்றும் தெரியாது.

படி 5: கலவை

பழைய தலைமுறை தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதியாகப் பிசைந்து போட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புண்ணாக்கின் 42 சதவீதப் புரதமும் தவிட்டின் 12 சதவீதமும் சரிபாதி சேர்ந்தால் 27. கெண்டைக்கு ஏறக்குறைய அதுதான் தேவை. அவர்கள் தப்பாகப் போடவில்லை. அமினோ அமிலச் சமன்பாடு மட்டும்தான் அதில் குறை. அதைச் சரிசெய்து நான் பயன்படுத்தும் 100 கிலோ கலவை இது:

செக்குக் கடலைப் புண்ணாக்கு 34 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 12 கிலோ
உலர்ந்த புழுத் தூள் 12 கிலோ
வேகவைத்து உலர்த்திய கொள்ளு 12 கிலோ
முருங்கையிலைத் தூள் 4 கிலோ
புதுத் தவிடு 18 கிலோ
மரவள்ளி மாவு 7 கிலோ
சான்று அனுமதிக்கும் தாது உப்பு 1 கிலோ

புரதம் 29 சதவீதத்தைத் தாண்டும். கொழுப்பு 10 சதவீதம் வரை வரலாம், கெண்டைக்கு இது கொஞ்சம் கூடுதல். புழுவைச் செக்கில் பிழியச் சொன்னது இதற்காகத்தான். 12 கிலோ உலர்ந்த புழுவுக்கு 35 முதல் 40 கிலோ உயிர்ப்புழு வேண்டும், அதற்கு 200 கிலோவுக்கு மேல் கழிவு வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் புழுவை 6 கிலோவாக்கி, எள்ளையும் கொள்ளையும் மும்மூன்று கிலோ கூட்டுங்கள். புரதம் ஒரு சதவீதம்கூட இறங்காது.

தவிடு புதிதாக இருக்க வேண்டும். அரிசி ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே அதன் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் இளஞ்சூட்டில் வறுத்து வையுங்கள்.

படி 6: உருண்டையும் குச்சியும்

எல்லாவற்றையும் மாவாக அரைத்துச் சலியுங்கள். மாவு மில்லில் புழுத் தூளைக் கொண்டுபோனால் திட்டு விழும், வீட்டிலேயே சிறு அரவை எந்திரம் இருந்தால் நிம்மதி. புண்ணாக்கை இரவே ஊறவைத்துப் புளிக்கவிட்டால் தாதுச் சத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைந்து செரிமானம் கூடும். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, மற்றவற்றோடு சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, இட்லிப் பானையில் இருபது நிமிடம் ஆவி கட்டுங்கள். ஆறியபிறகுதான் தாது உப்பு. பிறகு முறுக்கு அச்சிலோ கறி அரைக்கும் எந்திரத்திலோ பிழிந்து நிழலில் காயவையுங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் மிச்சம், பூஞ்சை நிச்சயம்.

ஒரு குச்சியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கரையாமல் நின்றால் போதும். மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் அளவுக்கு ஒரேயடியாகச் செய்து அடுக்காதீர்கள்.

முதல் தடவை செய்ததை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துத் தீவன ஆய்வகத்தில் புரதமும் அஃப்ளாடாக்சினும் பார்க்கிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் "புரதம்" என்கிறது. புழுத் தோலில் உள்ள கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால் புழுத் தூளின் எண் கொஞ்சம் ஊதியே வரும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். வெளியில் வாங்கும் புண்ணாக்கில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ யூரியாவைக் கலந்தாலே ஆய்வுச் சீட்டில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். விலை குறைந்து எண் மட்டும் உயர்ந்திருந்தால் மூக்கைச் சுருக்குங்கள்.

படி 7: பழக்குதல், போடுதல், அளத்தல்

பழைய தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் மூன்று நாள் காற்பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, அதற்கடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுக்க. சிறு குளம் ஒன்று தனியாக இருந்தால் அங்கே ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெரிய குளத்துக்கு வாருங்கள்.

சாக்கில் ஓட்டை போட்டு மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடும் முறை கெண்டைக்கு நன்றாகப் பொருந்தும். மீன் வந்து முட்டித் தின்னும், வீணாவது குறைவு. நூறு கிராம் தாண்டிய மீனுக்கு மொத்த உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம், காலையும் மாலையுமாக. ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை அவ்வளவும் குறைத்துவிடுங்கள். மேகமூட்டமான காலையில் தீவனமே வேண்டாம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு, முப்பது மீனாவது எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் போனது என்பதுதான் கடைசிக் கணக்கு. பச்சைத் தண்ணீர் சரியாக இருந்தால் வீட்டுத் தீவனத்திலேயே இரண்டு கிலோவுக்குள் முடியும். மூன்றைத் தொட்டால் தீவனத்தைத் திட்டுவதற்கு முன் முழங்கைச் சோதனைக்குப் போங்கள். அதே நோட்டில் செக்குக்காரரின் ரசீது, புழுவுக்குப் போட்ட கழிவு வந்த இடம், குஞ்சு வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் ஒட்டி வையுங்கள். சான்றுக்கு வருகிறவர் மீனைவிட அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.

பிடிப்பதற்கு முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள். வயிறு காலியாக இருக்கும் மீன்தான் சந்தை வரை உயிரோடு தாங்கும்.